அங்கரேஜில் நிற்காத விமானம்

நியூயார்க்கிலிருந்து டோக்கியோ, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் சுமார் 10,850 கிலோமீட்டர். 1980களின் கடைசியில் அமெரிக்கப் பெருநிறுவனத் தலைவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய தனி ஜெட் கல்ஃப்ஸ்ட்ரீம்-4. அது ஒரே மூச்சில் போகக்கூடிய தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர்தான். ஆகவே தலைவர் அலாஸ்காவின் அங்கரேஜில் இறங்கி, டாங்க் நிரம்பும்வரை காத்திருந்து, மறுபடி ஏற வேண்டும். அதே நாளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போயிங் 747-இல் ஏறிய அவருடைய கம்பெனி குமாஸ்தா எங்கும் நிற்காமல் நேராக டோக்கியோவில் இறங்கிவிடுவார். கோடிகளைக் கொட்டி விமானம் வாங்கியவருக்கு இதைவிட அவமானம் வேறு வேண்டாம்.

இந்தக் குறையைப் போக்கப் பிறந்ததுதான் கல்ஃப்ஸ்ட்ரீம்-5. நாலைந்து மேலதிகாரிகளின் இரண்டு மணிநேரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த விமானம் அது. பிற்பாடு வானிலை விஞ்ஞானிகள் கையில் அது என்னவாக மாறியது என்பதுதான் எனக்கு அதைவிடச் சுவையான கதையாகப் படுகிறது. ஆனால் அதற்கு முன் அந்தத் தூரம் எப்படி எட்டப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும்.

கல்ஃப்ஸ்ட்ரீம் குடும்பத்தின் மூலம் கிரம்மன் என்ற போர்விமானக் கம்பெனி. 1958-இல் பறந்த முதல் மாதிரி, காற்றாடி வைத்த டர்போப்ராப். 1966-இல் வந்த இரண்டாவது மாதிரிதான் ஜெட். அன்று முடிவுசெய்த உடற்குழாயின் அகலத்தையும் உயரத்தையும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவர்கள் மாற்றவே இல்லை. நீட்டினார்கள், இறக்கையை மாற்றினார்கள், என்ஜினை மாற்றினார்கள். 1978-இல் ஆலன் பால்சன் என்பவர் கிரம்மனின் கல்ஃப்ஸ்ட்ரீம் பிரிவை விலைக்கு வாங்கினார். விமான மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1988 பிப்ரவரியில் தன்னுடைய கல்ஃப்ஸ்ட்ரீம்-4-ஐத் தானே ஓட்டிக்கொண்டு ஹூஸ்டனில் கிளம்பி, எரிபொருளுக்காக நான்கு இடங்களில் இறங்கி, 36 மணி 8 நிமிடத்தில் உலகைச் சுற்றி வந்து சாதனை படைத்தார். விளம்பரம்தான், ஆனால் அந்த நான்கு நிறுத்தங்களும் அடுத்த விமானத்தில் எதைக் குறைக்க வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்தன.

டாங்க்கைப் பெரிதாக்கினால் போதாதா? கூட்டிய எரிபொருளுக்கும் எடை உண்டு. அந்த எடையைத் தூக்கிச் செல்ல இன்னும் எரிபொருள் வேண்டும். நெடுவழி நடப்பவன் கட்டுச்சோற்று மூட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், மூட்டையைச் சுமக்கிற பசிக்கே சோறு போதாமல் போகும். பிரெஞ்சு விமான முன்னோடி லூயி பிரெகேயின் பெயரால் வழங்கும் ஒரு சூத்திரம் இதைக் கணக்காக்கிச் சொல்கிறது. ஒரு ஜெட் போகும் தூரம் நான்கு விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு வேகம், என்ஜின் எவ்வளவு சிக்கனம், இறக்கை தன் இழுவிசையைப்போல் எத்தனை மடங்கு தூக்குவிசை தருகிறது, கிளம்பும்போது இருந்த எடைக்கும் இறங்கும்போது இருக்கும் எடைக்கும் உள்ள விகிதம் என்ன. கடைசியாகச் சொன்னதை நேரடியாகப் பெருக்க முடியாது. அதன் மடக்கையைத்தான் எடுக்க வேண்டும். வம்பு இங்கேதான் இருக்கிறது. ஏற்றும் ஒவ்வொரு டன்னும் அதற்கு முந்தைய டன் தந்ததைவிடக் குறைவான கிலோமீட்டரையே தரும்.

இப்போது எண்களைப் பாருங்கள். கல்ஃப்ஸ்ட்ரீம்-4 ஏற்றிய எரிபொருள் சுமார் 13.4 டன். ஐந்தாவது மாதிரி ஏற்றுவது சுமார் 18.7 டன். கூடுதல் 40 சதவீதம். தூரமோ 7,800-லிருந்து 12,000 கிலோமீட்டராக, அதாவது 54 சதவீதம் கூடியிருக்கிறது. விமானமும் கனத்துப்போயிருக்கிறது, ஓடுதளத்தில் நிற்கையில் அதன் உச்ச எடை 41 டன். மடக்கைக் கணக்கின்படி எரிபொருளைவிடத் தூரம் குறைவாகத்தானே கூடியிருக்க வேண்டும்? மிச்சத்தைத் தந்தவை என்ஜினும் இறக்கையும்.

ஜெர்மனியில் பிஎம்டபிள்யூவும் ரோல்ஸ்-ராய்ஸும் 1990-இல் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி, பிஆர்710 என்ற டர்போஃபேனைச் செய்துகொடுத்தது. டர்போஃபேனின் முகப்பில் உள்ள விசிறி இழுக்கும் காற்றில் ஒரு பங்குதான் எரியறைக்குள் போகும். மற்றது அதைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். சுற்றிப்போகும் காற்றின் பங்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சிக்கனம். கொஞ்சம் காற்றை அதிவேகமாகத் தள்ளுவதைவிட நிறைய காற்றை நிதானமாகத் தள்ளினால் அதே உந்துவிசைக்கு ஆற்றல் குறைவாகச் செலவாகும். கல்ஃப்ஸ்ட்ரீம்-4-இல் இருந்த பழைய டே என்ஜினில், சுற்றிப்போகும் காற்றுக்கும் உள்ளே போகும் காற்றுக்கும் உள்ள விகிதம் சுமார் 3. பிஆர்710-இல் 4-க்கு மேல். இறக்கையின் பரப்பு 88 சதுர மீட்டரிலிருந்து 105 சதுர மீட்டருக்கு மேல் போனது. இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு 28.5 மீட்டர். எரிபொருள் முழுவதும் இறக்கைக்குள்ளேதான் இருக்கிறது. தனியாக டாங்க் என்று ஒன்று கிடையாது. இறக்கையின் பெட்டிச்சட்டத்தையே கசியாமல் அடைத்துவிடுகிறார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பறக்கும்போது தூக்குவிசை இறக்கையை மேல்நோக்கி வளைக்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் எரிபொருளின் எடை அதைக் கீழே அழுத்திச் சமன்செய்யும். அந்த அளவுக்கு இறக்கையின் சட்டத்தை மெலிதாகச் செய்யலாம்.

1995 நவம்பர் 28 அன்று ஜார்ஜியாவின் சவானா நகரில் கல்ஃப்ஸ்ட்ரீம்-5 முதன்முதலாகப் பறந்தது. கனடாவின் பாம்பார்டியர் கம்பெனி இதே சந்தையைக் குறிவைத்துச் செய்த குளோபல் எக்ஸ்பிரஸ் 1996 அக்டோபரில்தான் தரையைவிட்டு எழும்பியது. பந்தயத்தில் சவானா முந்திக்கொண்டது. 1997 ஏப்ரலில் சான்றிதழும் கிடைத்தது. அதன் பிறகு இரு கம்பெனிகளும் இன்றுவரை ஒன்றையொன்று துரத்துகின்றன. கல்ஃப்ஸ்ட்ரீமின் ஜி550, ஜி650, பாம்பார்டியரின் குளோபல் 7500 என்று போய், தூரம் இப்போது 14,000 கிலோமீட்டரையும் தாண்டிவிட்டது. அந்தப் பட்டியலை விளம்பரத் தாள்களுக்கே விட்டுவிடலாம்.

உயரத்துக்கு வருவோம். கல்ஃப்ஸ்ட்ரீம்-5 ஏறக்கூடிய உச்சி 51,000 அடி, அதாவது 15.5 கிலோமீட்டர். பயணி விமானங்கள் பெரும்பாலும் 31,000 முதல் 41,000 அடிக்குள்ளேயே போய்வருகின்றன. டாங்க் நிரம்பக் கிளம்பும் இந்த ஜெட்டும் முதலில் 41,000 அடியோடுதான் நிற்கும். எரிபொருள் தீரத் தீர எடை குறையும், எடை குறையக் குறைய மேலே ஏறும். டோக்கியோவை நெருங்கும்போது அதன் எடை கிளம்பியபோது இருந்ததில் ஐந்தில் மூன்று பங்குதான். மேலே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு. மேகங்களில் பெரும்பாலானவை கீழே தங்கிவிடுகின்றன, நெரிசலும் கிடையாது. கட்டுப்பாட்டு அறையில் கேட்டால் நேர்வழியாகவே போகச் சொல்வார்கள்.

ஆனால் அந்த உயரத்தில் வேகத்துக்கு அதிக இடமில்லை. காற்று மெலிதாக இருப்பதால், விமானம் தூக்குவிசை இழக்காமலிருக்க வேண்டிய குறைந்தபட்ச வேகம் ஏறிக்கொண்டே போகும். மறுபக்கம், ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கைமேல் அதிர்ச்சியலைகள் தோன்றி விமானத்தை உதறும் உச்சவரம்பு கீழே இறங்கி வரும். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சும் இடுக்கைத்தான் பைலட்டுகள் ‘காஃபின் கார்னர்’ என்கிறார்கள். அந்த இடுக்கைக் கொஞ்சமாவது அகலமாக வைத்திருப்பது இறக்கை வடிவமைப்பாளரின் பொறுப்பு.

குளிர் இன்னொரு சங்கடம். வெளியே சுமார் மைனஸ் 56 டிகிரி. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47-இல் உறையத் தொடங்கும். அமெரிக்காவில் போடும் ஜெட் ஏ மைனஸ் 40-லேயே. பதினான்கு மணிநேரம் அந்தக் குளிரில் ஊறினால் இறக்கைக்குள் மெழுகு கட்டிவிடாதா? ஓரளவு காப்பாற்றுவது வேகம்தான். ஒலியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் காற்றை நெருக்கிக்கொண்டு போகையில், இறக்கையின் தோல் சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 25 டிகிரி சூடேறுகிறது. அதுவும் போதாத நாட்களுக்காக, என்ஜின் எண்ணெயைக் குளிர்விக்கப் போய்ச் சூடான எரிபொருளில் ஒரு பகுதியைத் திரும்ப டாங்குக்கே அனுப்புகிற ஏற்பாடு இருக்கிறது. வீணாகும் வெப்பத்துக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள்.

உள்ளே இருப்பவர்களுக்கு 6,000 அடி உயரத்து மலைவாசஸ்தலத்தின் காற்றழுத்தம். வெளியேயோ கடல்மட்டத்து அழுத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. இந்த வித்தியாசம் உடற்குழாயின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏழு டன் எடைக்குச் சமமாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இதை நினைத்துப் பார்த்தால், அதில் பெரிய முட்டைவடிவ ஜன்னல்களை வைத்தவர்களின் துணிச்சலை மெச்சத் தோன்றும்.

இவ்வளவு பெரிய இறக்கையையும் எரிபொருளையும் சுமந்த விமானம் சின்ன ஓடுதளத்திலிருந்தும் கிளம்ப வேண்டும்; ஊருக்கு அருகிலுள்ள சிறு விமான நிலையத்தில் ஏற முடியாவிட்டால் சொந்த விமானம் எதற்கு? ஜி650-க்கு 6,000 அடி ஓடுதளம் போதும் என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. 2011 ஏப்ரல் 2 அன்று நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில், ஓர் என்ஜின் செயலிழந்தது போல வைத்து மேலெழும்பும் சோதனை நடந்தது. மூக்கு உயர்ந்த கணத்தில் வலது இறக்கையின் வெளிப்பகுதி தூக்குவிசையை இழந்தது. நுனி ஓடுதளத்தில் உரசியது. விமானம் சறுக்கிப்போய்த் தீப்பிடித்தது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தனர்.

தரைக்கு மிக அருகில் இறக்கைக்கு ஒரு விசித்திரம் நேர்கிறது. தரை காற்றோட்டத்தை மறிப்பதால் தூக்குவிசை கூடுகிறது, இழுவிசை குறைகிறது. இதை விமானிகள் அனைவரும் அறிவார்கள். ஆனால் இறக்கை எந்தக் கோணத்தில் தூக்குவிசையை இழக்குமோ அந்தக் கோணமும் கூடவே குறைந்துவிடுகிறது. ராஸ்வெல் குழு அந்தக் குறைவைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. இதே விமானம் அதற்கு முன் இரண்டு சோதனைகளில் தானாகச் சாய்ந்திருக்கிறது. அந்த இரண்டையும் ஆழமாக ஆராயாமல், எட்ட முடியாத வேகக்கணக்கை எட்ட விமானிகள் மேலும் மேலும் முயன்றிருக்கிறார்கள். காலக்கெடு பொறியாளர்களின் முதுகில் ஏறி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த அறிக்கையைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணத்தை நான் அதிகம் படித்ததில்லை.

இனி, இந்த நெடுந்தூரம் யாருக்குப் பயன்பட்டது? முதலாளிகளின் பங்கைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2000-இல் ஆப்பிள் நிறுவனத்தின் இயக்குநர் குழு ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வெகுமதியாகக் கொடுத்தது ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம்-5. 2008 நவம்பரில் அமெரிக்காவின் மூன்று கார் கம்பெனித் தலைவர்களும் அரசிடம் கடன் கேட்க ஆளுக்கொரு தனி ஜெட்டில் வாஷிங்டன் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த மாதம் காரில் வந்தார்கள். நீண்ட தூரத்துக்கு இருண்ட பயன்களும் உண்டு. 2001 டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் ப்ரோமா விமான நிலையத்திலிருந்து, அடைக்கலம் கேட்டிருந்த இரு எகிப்தியர்களைக் கெய்ரோவுக்குக் கொண்டுபோனது அமெரிக்கப் பதிவெண் கொண்ட ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம்-5. அதன் பின்னால் சிஐஏ இருந்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழு 2005-இல் இதற்காகச் சுவீடனைக் கண்டித்தது. வால்பகுதியில் எழுதியிருந்த பதிவெண்ணைப் பின்தொடர்ந்துதான் செய்தியாளர்கள் அந்த விமானத்தின் பயணத்தடங்களைத் தோண்டியெடுத்தார்கள்.

ராணுவங்களும் விடவில்லை. ஜி550-இன் பக்கவாட்டில் ரேடார்களைப் பதித்து இஸ்ரேல் செய்த முன்னெச்சரிக்கை விமானத்தைச் சிங்கப்பூரும் இத்தாலியும் வாங்கின. அரண்மனை சோஃபாக்கள் இருந்த இடத்தில் திரைகளின் முன் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

இந்த ஆட்களை மாற்றி உட்காரவைக்கும் வேலையில் எனக்குப் பிடித்தது விஞ்ஞானிகள் செய்ததுதான். அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிர்வாகம் 1997-லிருந்து ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம்-4-ஐப் புயல்களைச் சுற்றிப் பறக்கவிடுகிறது. ஊடே அல்ல, சுற்றி. புயல் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது அதைச் சூழ்ந்த காற்றோட்டம். அதை அளக்க உயரமும் தூரமும் வேண்டும். சுமார் 45,000 அடியிலிருந்து, சிறு பாராசூட் கட்டிய உணர்கருவிகளைக் கடலில் போட்டுக்கொண்டே போகிறார்கள். விழும் வழியெல்லாம் அவை வெப்பம், ஈரம், அழுத்தம், காற்று ஆகியவற்றை வானொலியில் சொல்லிக்கொண்டே விழுகின்றன.

2005-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம்-5-ஐ ஆய்வுக்கூடமாக்கியது. கொலராடோவின் வளிமண்டல ஆய்வு மையம் அதை இயக்குகிறது. வசதியான இருக்கைகள் போய் அளவுக்கருவி அடுக்குகள் வந்தன. உடலில் துளையிட்டுக் காற்று உறிஞ்சும் குழாய்கள் பொருத்தினார்கள். அவை தோலிலிருந்து தள்ளி நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தின் தோலை ஒட்டித் தவழும் காற்றுதான் உள்ளே வரும். 2009-லிருந்து 2011-க்குள் ஐந்து முறை அது வடதுருவப் பக்கத்திலிருந்து தென்துருவப் பக்கம்வரை பசிபிக்கின்மேல் பறந்தது. நேராக அல்ல, கடலுக்கு மேல் சில நூறு மீட்டர்வரை இறங்குவது, பிறகு 14 கிலோமீட்டர்வரை ஏறுவது, மறுபடி இறங்குவது என்று ரம்பப் பல் போல. கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் எந்த அட்சரேகையில் எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கின்றன என்ற செங்குத்து வரைபடம் அதில்தான் முதன்முதலாக அத்தனை விரிவாகக் கிடைத்தது. ஆர்க்டிக்கில் பனிப்பாளங்கள் பிளந்த இடங்களில் கடலே மீத்தேன் வெளியிடுகிறது என்பது யாரும் எதிர்பாராமல் அகப்பட்டது.

டாங்க் நிரப்பி முழுவதையும் எரித்தால் கல்ஃப்ஸ்ட்ரீம்-5 விடுவது ஏறத்தாழ 59 டன் கார்பன் டை ஆக்சைடு. உலகில் சராசரி மனிதர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, தனியார் விமானங்கள் அனைத்தும் சேர்ந்து 2023-இல் குறைந்தது 1.56 கோடி டன் வெளியிட்டன என்றும், அது 2019-ஐவிட 46 சதவீதம் அதிகம் என்றும் கணக்கிட்டது. அந்தப் பயணங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை 500 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாதவை. ரயிலில் போகக்கூடிய தூரம்! நெடுந்தூர ஜெட் ஒன்று இப்படிச் சென்னை-மதுரை அளவு தூரத்துக்குப் பறப்பது, பொறியியல் நோக்கில் பார்த்தாலும் வீண்தான். அதன் இறக்கையும் உயரமும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இறங்கிவிடுகிறது.

அந்த உயரம் முழுமையாக வேலைசெய்த ஓர் உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியின் விண்வெளி மையத்திடம் ஹாலோ என்றொரு ஜி550 உண்டு. மியூனிக் அருகே ஓபர்ஃபாஃபன்ஹோஃபனில் அதன் கொட்டகை. 2015 ஜூலை, ஆகஸ்ட்டில் மைன்ட்ஸ் நகரத்து மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தின் யோஸ் லெலிஃபெல்ட் குழு அதைச் சைப்ரஸிலிருந்தும் மாலத்தீவின் கன் தீவிலிருந்தும் பறக்கவிட்டது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்தின்மேல், 10 கிலோமீட்டருக்கு மேலே, சீனாவிலிருந்து மத்தியதரைக் கடல்வரை நீளும் ஒரு பிரம்மாண்டமான காற்றுச்சுழல் உருவாகிறது. பருவமழை மேகங்கள் கீழேயுள்ள புகையையும் அனல்மின் நிலையக் கழிவையும் அந்தச் சுழலுக்குள் ஏற்றிவிடுகின்றன. ஏறியது எளிதில் வெளியே வராமல் அங்கேயே சுற்றுகிறது. மற்ற ஆய்வு விமானங்களில் பெரும்பாலானவை அவ்வளவு உயரம் ஏறாது, ஏறினாலும் அரேபியத் தீபகற்பத்தைக் கடந்துபோய் அளந்து திரும்ப எரிபொருள் போதாது. டோக்கியோவுக்கென்று ஏற்றிய 18 டன் இங்கே உதவியது.

2018-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு சற்று வினோதமானது. மாசை மேலே ஏற்றும் அதே மேகங்கள் மின்னலையும் உண்டாக்குகின்றன. மின்னல் நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்குகிறது. அவை ஹைட்ராக்சில் என்ற, வளிமண்டலத்தின் துப்புரவுப் பணியைச் செய்யும் மூலக்கூறு தீர்ந்துபோகாமல் மீண்டும் மீண்டும் உருவாக வழிசெய்கின்றன. ஆகவே சுழலுக்குள் மாசும் கூடுதல், அதைச் சிதைக்கும் வேகமும் கூடுதல். சிதைந்தவற்றில் பெரும்பகுதி நீரில் கரையும் பொருளாகி மழையோடு இறங்கிவிடுகிறது. தப்பியது அடுக்குமண்டலத்துக்குள் கசிந்து உலகம் முழுக்கப் பரவுகிறது. தப்புவதில் கந்தகமும் அடக்கம். மின்நிலையங்கள் எரிக்கும் நிலக்கரி கூடக்கூட அந்தப் பங்கு என்னவாகும் என்பது இப்போதைய கேள்வி.